பூக் கேட்டு வாங்கிய கார்

பழைய கார் வாங்குகிறவர்கள் மெக்கானிக்கைக் கேட்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள், அதே காரை வைத்திருந்து நொந்துபோனவனைத் தேடிப் பிடித்துக் கேட்பார்கள். எங்கள் சென்னிமலைப் பெரியப்பா சாமியைக் கேட்டார். சாமிதான் என்ன செய்யும், கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்.

சென்னிமலை என்பது அவர் ஊர் அல்ல, பெயர். எனக்குத் தூரத்துப் பங்காளி. நாமக்கல்லில் இருந்து மோகனூர் போகும் ரோட்டில், உள்ளே தள்ளி அவருடைய கோழிப்பண்ணை. மூன்று கொட்டகை, எல்லாம் முட்டைக் கோழி. அந்த முட்டையை நாள் தவறாமல் என்னுடைய மினி லாரியில்தான் ஏற்றிப் போகிறேன். அதனால் அந்த வீட்டில் குழம்பு கொதிப்பதும் எனக்குத் தெரியும், மனசு கொதிப்பதும் தெரியும்.

வீட்டுக்கு வெசனம் ஒன்றே ஒன்றுதான். ஒரே மகன் சபரிநாதனுக்கு முப்பத்தாறு வயதாகியும் பெண் அமையவில்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. காலையில் மக்காச்சோளத்தையும் சோயாப் புண்ணாக்கையும் மிக்ஸரில் கொட்டி அரைக்க ஆரம்பித்தான் என்றால் புருவத்தில் மாவு படிந்து வெளியே வருவான். அப்புறம் முட்டை பொறுக்க வேண்டும், ஓடு கீறியதைப் பிரித்துவைக்க வேண்டும், வெயில் ஏறினால் கோழிகள் வாயைப் பிளக்கும் முன்பு கூரையில் தண்ணீர் விட வேண்டும். இப்படிப்பட்ட பையனைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் கைக்குட்டையோடு வந்து கைக்குட்டையோடு போனார்கள். "மாப்ள தங்கமுங்க. ஆனா இந்த நாத்தத்துல எங்க புள்ள எப்பிடிங்க இருக்கும்" என்பது எல்லோரும் சொன்ன பதில். பெங்களூரில் வாடகை வீட்டில் இருக்கிற பையனுக்குக் கொடுப்பார்களாம், பத்து ஏக்கர் வைத்திருப்பவனுக்குக் கொடுக்க மாட்டார்களாம். கேட்கும்போது எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணத் தரகர் பெரியசாமி ஒருநாள் வழி சொன்னார். "பண்ணைய மறைக்க முடியாதுங்க. அதுக்கு முன்னால ஒரு நல்ல காரை நிறுத்தலாமுங்க. வாரவங்க கண்ணு மொதல்ல எங்க போகுதோ அதுதானுங்க குடும்பம்."

புதுக் கார் பெரிய அளவில் வாங்க வசதி இல்லை. சின்னக் கார் வாங்கினால் எடுபடாது. அப்படித்தான் சேலத்தில் பழைய கார் விற்கும் இடத்தில் நின்றிருந்த அந்த ஜெர்மன் காரிடம் போய்ச் சேர்ந்தார்கள். கறுப்பு நிறம், நீளமான உடம்பு, உள்ளே வெண்ணெய் நிறத்தில் தோல் இருக்கை. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி என்று சொன்னால் நம்ப முடியாது. நானும் கூடப் போயிருந்தேன். உட்கார்ந்து பார்த்தேன். முட்டை லாரியில் குலுங்கிப் பழகிய இடுப்பு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

சபரியின் சிநேகிதன் ஜெகதீஸ்வரனும் வந்திருந்தான். இருவரும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் சூரமங்கலத்தில் இந்த மாதிரிப் பெரிய கார்களுக்கு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். வாயாடி. காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, எங்களைத் தள்ளி ஒரு தட்டுவடைக் கடைக்குக் கூட்டிப் போனான்.

"பழசு வாங்கறது தப்பில்லீங்கப்பா" என்று ஆரம்பித்தான், வாயில் தட்டுவடை செட்டை அடைத்துக்கொண்டே. "மொத ஆளு எப்பிடி வெச்சிருந்தான்னு பாக்கோணும். எண்ணெய் எப்ப மாத்துனான், எங்க மாத்துனான், ரசீது இருக்கோணும். இவங்ககிட்ட ஒண்ணுமே இல்லீங்க. வண்டி சூடாறப்ப கியர்ல ஒரு ஒதறல் வருது. ஒரு நாள் எங்கிட்ட உடச் சொல்லுங்க, கம்ப்யூட்டர மாட்டிப் பாத்துட்டு சொல்றேன்."

"ஓனரு ஒரு டாக்டராமா. அவரு வெச்சிருந்த வண்டி கெட்டா போயிரும்?" என்றார் பெரியப்பா.

"டாக்டரு மனுசனத்தானுங்க பாப்பாரு."

"இருவது வருசம் லாரி ஓட்டியிருக்கறேன் சாமி. நடு ரோட்டுல படுத்துக் கியர்பாக்ஸ எறக்கி ஏத்துனவன் நானு. இஞ்சின் சத்தம் கேட்டேன். பால் காயிற மாதர இருக்குது."

"லாரி வேறீங்கப்பா. லாரிக்கு நோவு வந்தாச் சத்தம் போடும். இது கமுக்கமா இருந்து கழுத்தறுக்கும். இன்னொண்ணு, வண்டி வெல எறங்கும், சாமான் வெல எறங்காது. ஆனை கெழடாயிருச்சுன்னு தீனியக் கொறச்சுக்குமா? இருக்கறதையெல்லாம் போட்டு வாங்குனீங்கன்னா அப்பறம் நிறுத்தி வெச்சுக் கும்புடத்தான் ஆகும். பாதிய ரிப்பேருக்குன்னு எடுத்து வெச்சுட்டு மீதிக்கு வண்டி பாருங்க."

பெரியப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. விற்கிறவனோ, நாளைக்கு ஈரோட்டுப் பார்ட்டி வருகிறது என்று அவசரப்படுத்தினான். ஜெகதீஸ்வரன் வேண்டாம் என்கிறான், மனசு வேண்டும் என்கிறது. இந்த மாதிரி இடத்தில் எங்கள் பக்கத்தில் ஒன்று செய்வார்கள். கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளியை ஒரு இலையிலும் செவ்வரளியை ஒரு இலையிலும் பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் போட்டு, நினைத்ததை மனசுக்குள் சொல்லிக் கும்பிட வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். கல்யாணம், கிணறு, நிலம் எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். காருக்குக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளை வந்தது.

அதில் ஒரு சங்கதி உண்டு. பூ வந்த பொருளைக் குறை சொல்வது அந்த வீட்டில் ஆகாது. முன்பு ஒருமுறை பூக் கேட்டு ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். அடி அடியாகப் போய்க் கடைசியில் புகைதான் வந்தது. "சாமி பொய் சொல்லாது. ரிக் வண்டிக்காரன் கைராசி செரியில்ல" என்றார் செல்லாயிப் பெரியம்மா. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. பெரியம்மா கெட்டவர் இல்லை. எனக்கு எத்தனையோ நாள் அரிசிம்பருப்பு சாதத்தில் நெய் ஊற்றிக் கொடுத்த கை அது. ஆனால் அவரிடம் சாமி பேச்சு வந்துவிட்டால் மனுசப் பேச்சுக்கு இடமில்லை.

காருக்குத் தனியாகத் தகரக் கொட்டகை போட்டார்கள். துணி போட்டு மூடினார்கள். விசேஷத்துக்கு மட்டும் எடுப்பது என்று முடிவு. நின்ற இடத்திலேயே நின்றால் பேட்டரி செத்துப்போகும் என்று ஜெகதீஸ்வரன் போனில் கத்தியதால், சபரி மட்டும் வாரம் ஒருமுறை எடுத்து ஓட்டிவிட்டு வருவான்.

அப்படி ஓட்டப் போன ஒரு மத்தியானம் பரமத்தி வேலூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கார் நின்றுவிட்டது. எனக்குப் போன் செய்தான். நான் போய்ச் சேர்வதற்குள் ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஓடியது. மறு வாரமும் அதே கதை. சேலத்துக்குக் கொண்டுபோனோம். ஜெகதீஸ்வரன் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"கியர்பாக்ஸுக்குள்ள ஒரு மூளை இருக்குதுடா. சூடேறினா அதுக்குப் புத்தி பெரண்டுருது. ஆறினாத் தெளிஞ்சுருது. பூராவும் எறக்கி அந்தப் பாகத்தை மாத்தோணும். சாமான் வெளியூர்ல இருந்து வரோணும். அது வரைக்கும் வெயில்ல, நெரிசல்ல எடுக்காதே."

"இப்பப் பிரிக்க முடியாது. புதங்கெழம பொண்ணு ஊட்டுக்காரங்க ஊடு பாக்க வாராங்க" என்றான் சபரி. "மீட்டர்ல எரியற அந்த மஞ்ச லைட்ட மட்டும் அணைச்சுக் குடு."

"லைட்ட அணைக்கறேன். நோவு அப்படியேதான் இருக்கும். உங்கப்பன்கிட்டச் சொல்லிரு."

சபரி சொல்லவில்லை. "எப்பிடிண்ணா சொல்றது? அப்பா தெனமும் பொளுது சாயறப்பக் கொட்டகைக்குப் போயி அதத் தொட்டுப் பாத்துட்டு வாராரு. அம்மா அதுக்குத் திருநீறு வெக்குது" என்றான் என்னிடம். அவன் சுபாவம் அப்படி. யார் மனசும் நோகக் கூடாது. அப்படிப்பட்டவர்கள்தான் கடைசியில் எல்லோரையும் நோகடிக்கிறார்கள்.

புதன்கிழமை ஆட்டையாம்பட்டிப் பக்கத்தில் இருந்து சுவாமிநாதன் என்பவர் குடும்பத்தோடு வந்தார். மரவள்ளி போடுகிற குடியானவர். மகள் கிருத்திகா சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறது. முப்பது கடந்த பெண், மாநிறம், கண்ணை நேராகப் பார்த்துப் பேசியது. பெரியப்பா துணியை உருவிக் காரைக் காட்டினார். கதவு மூடும்போது சத்தமே வராது என்று இரண்டு தடவை மூடித் திறந்தார். சுவாமிநாதன் மரியாதைக்கு "நல்லாருக்குதுங்க" என்றார். பெண் காரைப் பார்த்ததாகவே தெரியவில்லை. "கோழிக் கொட்டாய்க்குள்ள போலாங்களா?" என்று கேட்டது.

சபரி முன்னால் நடந்து கூட்டிப் போனான். நான் முட்டைத் தட்டு அடுக்கிக்கொண்டு அங்கேதான் இருந்தேன். கோழிகள் கூண்டுக்கு வெளியே கழுத்தை நீட்டிக் கத்தின. அந்தப் பெண் மூக்கை மூடவில்லை. ஓடு மெலிந்த முட்டை ஒன்றைக் கையில் எடுத்து, "இது ஏனுங்க இப்பிடி?" என்று கேட்டது. வெயில் காலத்தில் கோழி தீனி குறைத்துக்கொள்ளும், சுண்ணாம்புச் சத்து போதாது என்று சபரி விளக்கினான். அவ்வளவு கோர்வையாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

"நாத்தம் அடிக்குதுங்களா?" என்று கடைசியில் அவனே கேட்டான்.

"நான் நாள் பூரா ரத்தமும் மூத்தரமும் பாக்கறவ. இது பழகிக்குமுங்க" என்றது அந்தப் பெண்.

அன்றைக்கே இரு வீட்டுக்கும் பிடித்துவிட்டது. ஜாதகமும் பொருந்தியது. பெரியம்மா மட்டும் பூக் கேட்க வேண்டும் என்றார். சபரி உடனே குறுக்கே வந்தான். சிவப்பு வந்துவிட்டால் என்ன செய்வது? "பொண்ணு ஊட்டுல அவங்க கோயில்ல கேட்டு வெள்ள வந்துருச்சாமா. ரெண்டு பக்கமும் கேட்டு சாமிய எதுக்குமா சோதிக்கறே" என்று சொல்லி மடக்கிவிட்டான். இது உண்மையா என்று எனக்குத் தெரியாது. பெரியம்மா அரை மனதோடு விட்டார். அந்த ஒரு மாதம் சபரி கோழித் தீவனம் அரைக்கும்போது பாட்டு முணுமுணுத்தான். சாயங்காலமானால் போனோடு தென்னை மரத்தடிக்குப் போய்விடுவான்.

நிச்சயதார்த்தம் வைகாசி பிறந்ததும் பெண் வீட்டில் வைத்தார்கள். கத்திரி வெயில் இன்னும் அடங்கவில்லை. வேனில் போகலாம் என்று சபரி சொல்லிப் பார்த்தான். பெரியப்பா கேட்கவில்லை. "வாங்குனதே இதுக்குத்தான" என்றார். காரில் பெரியப்பா, பெரியம்மா, பெரியப்பாவின் அக்கா முத்தாயம்மாள். சபரி ஓட்டினான். சீர்த் தட்டும் ஒறம்பரைச் சனமும் பின்னால் நான் ஓட்டிய வேனில்.

புதுச்சத்திரம் தாண்டியதும் ரோட்டு வேலை. வண்டிகள் வரிசை கட்டி நின்றன. கானல் பறந்தது. கார் ஊர்ந்து ஊர்ந்து அந்த நெரிசலைக் கடந்தது. ஆண்டகளூர் கேட்டுக்கு முன்னால், ஒரு வேப்ப மரத்துக்குப் பக்கத்தில், இரண்டு உதறு உதறி நின்றுவிட்டது.

நான் வேனை ஓரம் கட்டிவிட்டு ஓடினேன். சபரி இறங்கி வியர்த்து நின்றான். "சித்தெ ஆறட்டும், அரமணி நேரத்துல ஓடீரும்" என்றான்.

முத்தாயம்மாள் காரை விட்டு இறங்கி முந்தானையால் விசிறிக்கொண்டார். "நல்ல காரியத்துக்குப் போறப்ப வண்டி நிக்குதே தம்பி" என்றார் பெரியப்பாவிடம். "பூக் குடுத்த வண்டியாச்சே இது."

பெரியம்மா மரத்தடியில் நின்று காரையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சாமி குடுத்த வண்டி தானா நிக்காது. போற எடம் செரியில்ல. அதான் நிறுத்துது. பொண்ணுக்குப் பூக் கேக்கோணும்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன், உட்டீங்களா?"

"அம்மா, வண்டி கெட்டுப் போன வண்டிமா" என்றான் சபரி. "இது மொதத் தடவ இல்ல. முன்னாலயே வேலூர்ப் பாலத்துகிட்ட ரெண்டு தடவ நின்னுருச்சு. கியர்பாக்ஸ் போச்சுன்னு ஜெகதீசு அப்பவே சொன்னான். நாந்தான் உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

பெரியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மறைச்சுட்டியா? நீ எங்கிட்ட எதக் கண்ணு மறைச்சிருக்கற? அந்தப் புள்ள மேல ஆசப்பட்டுட்டு, இப்ப சாமி குடுத்த பொருளு மேல பழி போடறே."

"சத்தியமாச் சொல்றேம்மா. சந்திரண்ணனக் கேளு."

நானும் சொன்னேன். "ஆமாங்க பெரியம்மா. நானே போயிப் பாத்தேன். இது இரும்பு, இதுக்கும் பொண்ணுக்கும் என்ன சம்பந்தமுங்க?"

"நீ அவனுக்குத்தான பேசுவே" என்றார் முத்தாயம்மாள். அத்தோடு என் சாட்சி முடிந்தது.

அப்போது பெரியப்பா காருக்கு அடியில் குனிந்தார். லாரிக்காரர் அல்லவா, எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். விரலை விட்டுத் தொட்டு மூக்கில் வைத்து முகர்ந்தார். கருகிய எண்ணெய் வாசம் நான் நின்ற இடம் வரை வந்தது. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதை அவர் முகத்தில் பார்த்தேன், இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். சபரியும் பார்த்தான்.

"அப்பா, நீங்களாவது சொல்லுங்கப்பா" என்றான்.

பெரியப்பா விரலை வேட்டியில் துடைத்தார். வண்டி கெட்டது என்று சொன்னால், வாங்கியது கெட்டது என்றாகும். கேட்ட பூ பொய் என்றாகும். ஒறம்பரை முழுக்க வேனில் இருந்து இறங்கி நின்று கேட்டுக்கொண்டிருந்தது. "வண்டில ஒண்ணுமில்ல" என்றார். "நல்ல வண்டிதான்."

சபரியின் போன் அடித்தது. அந்தப் பெண்தான். எடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. முப்பத்தாறு வயது ஆள், மூன்று கொட்டகைக் கோழியைக் கட்டி ஆள்கிறவன்.

அதற்குள் கார் ஆறியிருந்தது. வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்று பெரியம்மா சொல்ல, சபரி ஏறிச் சாவியைத் திருப்பினான். முதல் தடவையே பிடித்துக்கொண்டது. நாமக்கல் பக்கம் திருப்பியதும் வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடியை இறக்கிப் பெரியம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். "பாத்தியா சந்திரா, திரும்புனதும் எப்பிடி ஓடுதுன்னு."

நிச்சயம் நடக்காது என்று பெண் வீட்டில் தகவல் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஊருக்குத் திரும்பட்டும் என்று ஒறம்பரையை ராசிபுரம் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, நான் மட்டும் ஆட்டையாம்பட்டிக்குப் போனேன். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே சாம்பார் மணத்தது, இலை நறுக்கி அடுக்கியிருந்தது. சுவாமிநாதன் வேனுக்குப் பின்னால் கார் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். நான் சொல்லச் சொல்ல அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "காரு நின்னதுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

கிருத்திகா பட்டுச் சேலையில் வெளியே வந்தது. "அவருக்கு ஒண்ணுமில்லீல்ல?" என்று கேட்டது.

"ஒண்ணுமில்ல கண்ணு. நல்லாத்தான் இருக்கறான்."

"அவரு என்னங்க சொன்னாரு?"

"வண்டி கெட்டதுன்னுதான் சொன்னான். எல்லாத்தையும் ஒளிக்காமச் சொன்னான். யாரும் நம்புல."

"நம்பாட்டிப் போறாங்க" என்றது அந்தப் பெண். குரல் உயரவில்லை. "அந்த ரோட்டுல ராசிபுரம் வழியா இங்க வாரதுக்குப் பஸ்ஸு போகுதுங்களா இல்லீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "போகுது கண்ணு."

"எத்தன பஸ்ஸுங்க போயிருக்கும்?"

நாங்கள் நின்றிருந்தபோதே நாலைந்து பஸ் எங்கள் மீது புழுதியை அடித்துவிட்டுப் போனது. ஒன்று நின்று கண்டக்டர் ஏறுகிறீர்களா என்றுகூடக் கேட்டார்.

அந்தப் பெண் பிறகு தன் அப்பாவைத் தோளில் தொட்டு, "எந்திரிங்கப்பா, வந்தவங்களுக்கு எலையப் போடச் சொல்லுங்க. சோறு ஆறிப் போகுது" என்றது. எனக்கும் ஒரு இலை போட்டார்கள்.